நடுவில் நின்ற முள்

2024 ஒக்டோபர் 14, திங்கள்

நேற்று ஒரு பிழை விட்டேன். வாப்பாவின் பழைய வேனில் சாவியைத் திருப்பிய கையோடு ஸ்டார்ட் செய்துவிட்டேன். ஒயில் பிரஷர் முள் நடுவில் நின்றது. எஞ்சின் நல்லது என்று உம்மாவிடம் சொல்லியும் விட்டேன். ஸ்டார்ட் செய்யுமுன் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மெக்கானிக் மாலை வகுப்பில் முதலில் சொல்லித் தந்ததே அதுதான்.

நெஞ்சு நோவை வாயு என்று சொல்லிக்கொண்டிருந்த வாப்பா மௌத்தாகி நான்கு மாதம். வெள்ளிக்கிழமை, உம்மா வெளியே இறங்காமல் வீட்டுக்குள் இருக்கும் இத்தா முடிகிறது. அவ கேட்டது ஒன்றுதான்: வீட்டை விட்டு இறங்கும் முதல் பயணம் வாப்பாவின் வேனில், கோமாரியில் சாச்சி வீட்டுக்கு.

இன்று சாவியை மட்டும் திருப்பினேன். எஞ்சின் ஓடாமலே முள் நடுவுக்கு வந்து நின்றது. எஞ்சினில் சென்சரின் வயரைக் கழற்றினேன். அப்போதும் அசையவில்லை. டாஷ்போட்டுக்குக் கீழே தலையை விட்டு வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். பாதியில் வெட்டியிருந்தது. கேஜ் பக்கத்து முனையில் ஒரு சிறிய ரெசிஸ்டர், அதன் மறுமுனை வேனின் தகரத்தோடு இறுக்கியிருந்தது. எஞ்சின் எப்படி இருந்தாலும் முள்ளை நடுவில் நிறுத்தி வைக்கும் வேலை. மேலே நீல டேப். குசினிக் குழாய்க்கு வாப்பா சுற்றிய அதே டேப்.

எங்கள் தெரு மஜீட் காக்கா, தான் வேலை செய்யும் கராஜிலிருந்து ஒயில் பிரஷரை நேரடியாக அளக்கும் கைக்கேஜ் கொண்டுவந்தார். "படிச்ச மெக்கானிக்குக்கு ஒரு முள்ளு காணாதாக்கும்" என்றார். சென்சரின் ஓட்டையில் அதைப் பூட்டி ஓடவிட்டோம். முதலில் முள் நன்றாக ஏறியது. எஞ்சின் சூடாகச் சூடாக இறங்கி, பூச்சியத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அடியில் தட்டும் சத்தமும் வந்தது. காக்கா எஞ்சினை நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை.

"பேரிங் போயிட்டு தம்பி. கோமாரிக்கு இது போகாது."

அவர் போன பிறகு உம்மா அறைக்குள்ளிருந்து கேட்டா.

"என்ன மகன், நிப்பாட்டிட்டீங்க?"

"சூடாகிட்டு உம்மா."

"முள்ளு நடுவுலதானே நிக்கிது?"

"ஓம்."

"முந்தி ஒருக்கா கீழ விழுந்து கிடந்திச்சி. இத ஓட்டவேணாமெண்டு சண்டை புடிச்சன். ரெண்டு நாளையால நடுவுக்கு வந்திட்டு. இப்பப் பாருங்க எண்டு வாப்பா சிரிச்சார். அதுக்குப் பொறகு நான் ஒண்டும் கேக்கல்ல."

நானும் இன்று 'சூடாகிட்டு' என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

நாளை: ரெசிஸ்டரைக் கழற்றி, வெட்டிய வயரைப் பழையபடி இணைக்க வேண்டும். சுபஹு தொழுகைக்குப் பிறகு, உம்மா தேத்தண்ணி குடித்து முடித்ததும், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கோமாரிக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க வேண்டும்.