நட்டுவின் பட்டினி

காலை ஏழு மணிக்கு ஷட்டர் பாதிதான் ஏறியது. தங்கராஜு குனிந்து கடைக்குள் நுழைந்தார். ஜன்னல் வலைச் சுருள்களுக்குப் பக்கத்தில் கூண்டு இருந்தது. உள்ளே நட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

பசித்த பூனை கத்தும். முகம் கழுவாது.

ஜாலான் புசாரில் அவர் இரும்புக்கடை வைத்திருந்தார். நட்டு அந்தத் தெருவுக்குப் பொதுவான பூனை. போன தடவை போட்ட குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பின்சந்தில் லாரி பின்னோக்கி வந்தபோது எல்லாம் நசுங்கிப் போயின. தங்கராஜுதான் அட்டைப்பெட்டியில் அள்ளினார். அதற்குப் பிறகுதான் ரக்ஷனாவைக் கூப்பிட்டார். தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து திரும்பக் கொண்டுவந்து விடும் தொண்டூழியர் அவள். அறுவைக்கு இன்றைக்கு இடம் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"ராத்திரியிலேருந்து ஒண்ணும் குடுக்காதீங்க அங்கிள்" என்று சொல்லியிருந்தாள். "வயித்துல சாப்பாடு இருந்தா மயக்கத்துல வாந்தி எடுக்கும். மூச்சுக்குழாய்ல போயிடும்."

நேற்று மாலை தங்கராஜு கடை கடையாக ஏறி இறங்கினார். தன் கடையின் பின்பக்கக் கம்பி வழியாகக்கூட நட்டுவுக்கு யாரும் எதையும் நீட்டக் கூடாது என்றார். தேநீர்க்கடை முகம்மது யூசுப் சிரித்தார்.

"எங்க நோன்புக்குக்கூட நீ இவ்ளோ அலையல லா."

சொல்லாமல் விட்ட ஒரே ஆள் பூவம்மா, அவர் மனைவி. அவளுக்குப் பூனை ஆகாது. சொன்னால் வீண் பேச்சு என்று விட்டுவிட்டார்.

பூவம்மா முன்னதாகவே வந்து பின்கதவைத் திறந்து சாமி படத்துக்கு விளக்கேற்றியிருந்தாள். இப்போது குழாயடியில் ஒரு சின்னத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அது என்னா தட்டு?"

"நெத்திலி வச்சேன். கூண்டுல கெடந்து கத்துது, பாவம். யாரு பூட்டினது?"

"நீ பூனைக்குச் சாப்பாடு வைப்பியா?"

"தினமும் யாரு வைக்கிறான்னு நெனச்சீங்க? நீங்க வண்டிய நிறுத்திட்டு வர்றதுக்குள்ள தட்டக் கழுவிடுவேன்."

வாசலில் வேன் நின்றது. ரக்ஷனா கையுறையோடு இறங்கி வந்தாள்.

"அங்கிள், வயிறு காலிதானே?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் கூண்டு வேனில் ஏறிவிடும். சாயங்காலம் நட்டு வருவாளா, இன்னொரு அட்டைப்பெட்டி வருமா?

"இல்லம்மா. இப்பத்தான் சாப்பிட்டா. தப்பு என்னோடது. வீட்டுல சொல்லல."

ரக்ஷனா கையுறையைக் கழற்றினாள். "ஐயோ அங்கிள். இன்னிக்கு டாக்டர் தொடமாட்டாங்க. அடுத்த ஸ்லாட் ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் வெளிய விடாதீங்க. கடுவன் இப்பவே சந்துல சுத்துது. விட்டா மறுபடி குட்டிதான்."

"கடையில வச்சுக்கிறேன்."

"ஷட்டர் போட்டா உள்ள அடுப்பு மாதிரி இருக்கும். ஒரு மாசம் கூண்டுலயா? வீட்டுல வச்சுக்க முடியாதா?"

தங்கராஜு விளக்கைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் ஒரு பூனைக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், பூவம்மா உள்ளே விடாததால் வாசலிலேயே திரும்பி வந்தவர் அவர்.

"நான்தான் குடுத்தேன். இவரு என் பேரச் சொல்லாம நிக்கிறாரு" என்றாள் பூவம்மா. ரக்ஷனா அவளைப் பார்த்தாள்.

பூவம்மா தட்டைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கூண்டருகே வந்தாள். வலைச் சுருள் ஒன்றைக் கொஞ்சம் பிரித்து, பெருவிரலால் அழுத்தி இழுத்துப் பார்த்தாள். நட்டு கம்பிக்குள்ளிருந்து அவள் விரலை முகர்ந்தாள்.

"ஏங்க, நம்ம வீடு பத்தாவது மாடியாச்சே. ஜன்னலுக்கெல்லாம் அடிக்க இந்த ஒரு சுருள் போதுமா?"