அண்ணாச்சி திரும்ப எடுத்த கிரைண்டர்

வெள்ளிக்கிழமை காலையில் பாத்திரக்கடை செண்பகராமன் அண்ணாச்சி வந்து, தான் விற்ற கிரைண்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். கல் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. அப்படியே தோளில் வைத்து நடந்தார். மாவு சட்டையில் வழிந்தது.

பாக்கி ஒன்றும் இல்லை. முழுப்பணம் வாங்கிக்கொண்டு விற்றவர்தான். கிரைண்டர் இல்லாமல் கடை வெறிச்சென்று இருக்கிறதாம், மனசு கேட்கவில்லையாம்.

மனோரஞ்சிதம் மாவு அரைத்து விற்றுப் பிழைப்பவள். கிரைண்டர் போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. அழுவாள் என்று தெரு எதிர்பார்த்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்குப் போனாள்.

நிலையத்தின் நடைவழி அவள் நடக்க நடக்க நீண்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சுவரில் ஒரு தட்டு தட்டி, “நிக்கிறியா இல்லையா” என்றாள். நின்றது.

ஏட்டையா விஷயத்தைக் கேட்டுக்கொண்டு அண்ணாச்சிக்கு ஆளனுப்பினார். அண்ணாச்சி கிரைண்டரைத் தோளிலிருந்து இறக்காமலே வந்தார். விற்றவன் எடுத்தால் திருட்டாகாது, பொருள் மேல் பாசம் இருக்கத்தானே செய்யும் என்று ஏட்டையா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அப்போது ஒரு தச்சர் வந்து, தான் விற்றதென்று ஏட்டையாவின் நாற்காலியை உருவிக்கொண்டு போனார். ஏட்டையா உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தார். அடுத்து வந்த தையல்காரர், தான் தைத்துக் கொடுத்த சட்டையைக் கேட்காமலே கழற்றினார். ஏட்டையா கைகளைத் தூக்கிக் கொடுத்தார். என்ன மனிதரோ, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

மனோரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கடையில இருந்தப்ப இது வெறுங்கல்லு. தவிடு போட்டு ஓட்டி ஓட்டி மணலை எடுத்தது நான். தூக்கும்போது என்னைய ஒரு வார்த்தை கேட்டாரா?”

“வித்தவரு எதுக்கும்மா கேக்கணும்?” என்றார் ஏட்டையா.

“அப்பச் சரி.” அவள் அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். “உங்க வீட்டுக்கு இத்தனை வருசமா மாவு விக்கிறது யாரு?”

“நீதான்.”

“எனக்கும் மனசு கேக்கல அண்ணாச்சி.”

அவர் வயிற்றில் கைவிட்டு இட்லிகளை எடுத்து மேசையில் அடுக்கினாள். எல்லாவற்றிலும் ஆவி பறந்தது. பிறகு தோசைகள். ஒரு ஊத்தப்பம் சிக்கிக்கொண்டது. திருப்பிப் பிடித்து எடுத்தாள். சட்னியைத் தொடவில்லை. அது அவர் வீட்டுச் சரக்கு.

அண்ணாச்சிக்குக் கன்னம் ஒட்டியது. வேட்டி நழுவியது. ஒரு கையால் வேட்டியையும் மறுகையால் கிரைண்டரையும் பிடித்துக்கொண்டு, “ஏட்டையா, என்னையக் கேக்காம எடுக்குறா. இது திருட்டு” என்று முனகினார்.

ஏட்டையா எழுதப் பேனாவை எடுத்தார். பேனாவை விற்றவர் வந்து அதன் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். இந்த முறை ஏட்டையா விடவில்லை. கையைத் தட்டிவிட்டார்.

“கேக்காம எடுத்தா திருட்டுதான்,” என்றார். “வித்தவனா இருந்தாலும்.”

மனோரஞ்சிதம் கிரைண்டரைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். திருட்டு வழக்கில் அவள் பெயரையும் எழுத வேண்டியிருக்கும் என்று ஏட்டையா தயங்கினார். தாராளமாக எழுதச் சொன்னாள், ஆனால் அண்ணாச்சி பெயருக்குக் கீழே.

பிறகு இட்லிக் குவியலை அண்ணாச்சி பக்கம் தள்ளினாள்.

“தின்னுங்க. நான் வித்தது வித்ததுதான்.”