ஜெர்சியில் இருந்த ஆள்

மாப்பிள்ளை பார்சலோடு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கண்ணாடிக்கடைக்காரர் அப்போது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மகளின் மூக்குக்கண்ணாடியில் கழன்றிருந்த திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்தாலும் கடை வேலை அவரை விடாது.

"மாமா, அதை ஓரமா வைங்க. இதைப் பாருங்க முதல்ல."

மாப்பிள்ளை கட்டட இன்ஜினியர். தங்கமான மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கொஞ்ச காலமாக அவருக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்திருந்தது, அதிலும் பழைய மாடல் பைத்தியம். இப்போது வருகிற பளபளப்பு ஜெர்சியெல்லாம் ஆகாது. அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் போட்ட மாதிரி கம்பளி போலத் தெரிகிற துணி, குட்டிக் காலர், நெஞ்சுக்குக் குறுக்கே பட்டை, முதுகில் மூன்று பை என்று இருக்க வேண்டும். பழைய பாட்டுக்காரி ஒருத்தியின் படம் போட்டது ஒன்று, மீசை முறுக்கிய குத்துச்சண்டை வீரர் படம் போட்டது ஒன்று என்று அலமாரி நிறைய வாங்கி அடுக்கியிருந்தார். மகள் அதைப் பார்த்து, "இவரு சட்டை வாங்கறாரா, மியூசியம் வைக்கறாரா தெரியல" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

"இது எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுரும் மாமா. நம்ம ஆளு!" என்று சொல்லி மாப்பிள்ளை ஒரு ஜெர்சியை மேஜைமேல் விரித்தார்.

மஞ்சள் துணி. நெஞ்சில் கருஞ்சிவப்புப் பட்டை. அதன்மேல், சைக்கிளில் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிய ஒரு இளைஞன். வாய் காது வரை விரிந்திருந்தது. நடுவில் ஜிப் ஓடியதால் மூக்கு இரண்டாகப் பிளந்திருந்தது. மாப்பிள்ளை ஜெர்சியைத் திருப்பிப் போட்டார். முதுகில் பெரிய எழுத்தில், 'இன்னும் ஒரு சுத்து இருக்கு தம்பி!'

கண்ணாடிக்கடைக்காரரின் கையிலிருந்த திருகு தவறி எங்கேயோ உருண்டது. அவர் அதைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்தார். குனிந்தவருக்கு நிமிர மனம் வரவில்லை. ஏனென்றால் அந்தப் படத்தில் இருந்தது அவர்தான்.

இருபத்துநாலு வயதில் அவருக்கு வெட்டுக்கிளி என்று பெயர். கால் நீளம். மலைப்பாதையில் சைக்கிள் மிதித்து ஏறினால் அவரைப் பிடிக்க ஆள் கிடையாது. அந்த வருஷத்துப் பெரிய பந்தயம் நகரத் தெருக்களையே சுற்றிச் சுற்றி நடந்தது. கடைசியில் எல்லாரையும் பின்னால் விட்டு, தன்னந்தனியாகக் கோட்டைக் கடந்து, கையைத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார். சுற்றுகளின் எண்ணிக்கை தப்பிவிட்டது, அவ்வளவுதான். பந்தயம் முடியவில்லை. ஒலிபெருக்கியில் வர்ணனையாளர், "இன்னும் ஒரு சுத்து இருக்கு தம்பி! தம்பி! இன்னும் ஒரு சுத்து இருக்கு!" என்று அலற, பின்னால் வந்த கூட்டம் சர்ரென்று அவரைத் தாண்டிப் போனது.

அப்போதும் மிதித்திருக்கலாம். மிதித்திருந்தால் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்திருப்பார். அவர் இறங்கிவிட்டார். சைக்கிளை நடைபாதையில் சாய்த்துவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, சந்து வழியாக நடந்து போய்விட்டார். கையைத் தூக்கிவிட்டான் என்றால் தோற்று ஒதுங்கிவிட்டான் என்றும் நம் பேச்சில் ஓர் அர்த்தம் உண்டு இல்லையா, அந்த அர்த்தத்தில் அவர் கையைத் தூக்கியது அந்தச் சந்தில்தான்.

ஊர் அவர் சந்தில் நடந்து போனதைப் பார்க்கவில்லை. கோட்டருகே எடுத்த படத்தைத்தான் பார்த்தது. படம் பத்திரிகைகளில் வந்தது, காலண்டரில் வந்தது, பிறகு ஒரு தலைவலி மாத்திரை விளம்பரத்திலும் வந்தது. வர்ணனையாளர் சொன்னது பழமொழி ஆகிவிட்டது. வேலை முடியுமுன் எவனாவது குதித்தால், "இன்னும் ஒரு சுத்து இருக்கு தம்பி" என்பார்கள். பரீட்சை முடிவு வருமுன் சிரித்த பிள்ளைகளுக்கும் அதுதான், நிச்சயத்துக்கு முன்பே பத்திரிகை அடித்தவனுக்கும் அதுதான். அவர் ஊரை மாற்றினார், சைக்கிளைத் தொடாமல் விட்டார், லென்ஸ் தீட்டக் கற்றுக்கொண்டார், மீசையும் தொப்பையும் வளர்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தார்.

"மாமா, கிடைச்சுதா?" என்று மேலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"ம்... கிடைச்சுது" என்று வெறுங்கையோடு நிமிர்ந்தார்.

"இந்த ஆளு உங்க வயசுதானே இருப்பான்? நீங்க அப்போ பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பயந்தவனுக்கு வாய் அதிகம். "பார்க்காம என்ன? சுத்த மடையன். ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதவன் எல்லாம் ரேஸுக்கு வந்தா இப்படித்தான்" என்றார்.

மாப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்பு கண்ணாடிக்கடைக்காரருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. சிரிக்கிறவர்கள் சந்தேகப்பட மாட்டார்கள். அதனால் இன்னும் கொஞ்சம் ஊதினார். எழுந்து நின்று, கையைத் தூக்கி, வாயைப் பிளந்து, பிறகு சுற்றுமுற்றும் பார்த்து மெல்ல மெல்லக் கையை இறக்கி, திருதிருவென்று விழித்துக் காட்டினார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அப்பா, போதும்ப்பா, மூச்சு முட்டுது" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "உங்களுக்குள்ள இப்படி ஒரு நடிகர் இருக்கார்னு தெரியாமப் போச்சே மாமா!" என்று மாப்பிள்ளை கை தட்டினார்.

பழம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைத் தட்டில் வைத்தாள். "போதும்" என்று ஒரே சொல். உள்ளே போய்விட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் இதைப் போட்டுக்கிட்டு ஏரியைச் சுத்திப் போறோம். உங்களுக்கும் ஒண்ணு வாங்கிட்டேன். வரலைன்னா நான் கோவிச்சுக்குவேன்" என்றார் மாப்பிள்ளை.

அவர்கள் கிளம்பிய பிறகு கண்ணாடிக்கடைக்காரர் சமையலறைக்குப் போனார். மனைவி கழுவின தட்டையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன கோபம் உனக்கு?"

"கோபமெல்லாம் இல்ல."

"பின்னே?"

குழாயை மூடினாள். "என்னைத் திட்டியிருந்தாக் கூடப் பொறுத்துப்பேன். என் புருஷனைப் போய் மடையன்னு சொல்லி, பெத்த பொண்ணையே சிரிக்க வெச்சா எனக்கு வலிக்காதா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு... எப்போ தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே. எங்க அண்ணன் அந்தப் பத்திரிகையைக் கொண்டு வந்து, 'இந்த ஆளுதான், ஊரே சிரிக்குது, யோசிச்சுக்க'ன்னு போட்டான்."

"தெரிஞ்சுமா கட்டிக்கிட்டே?"

"படத்தைப் பார்த்தேன். ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷம் வருமான்னு இருந்துச்சு. எங்க வீட்ல யாரும் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. சரி, நம்மகூட இருக்கும்போது ஒரு நாளாவது இப்படிச் சிரிக்க மாட்டாரான்னு நெனச்சேன்." தட்டைத் துடைத்து அடுக்கினாள். "இன்னிக்குத்தான் கையைத் தூக்கினீங்க. அதுவும் கேலிக்கு."

ஊர் சிரித்தபோது வந்த வெட்கம் ஒரு ரகம். இது வேறு. பிரசவ அறையில் நர்ஸ் குழந்தையை நீட்டியபோதும், மகள் பட்டம் வாங்கியபோதும், எங்கே சந்தோஷம் முகத்தில் தெரிந்து அந்தப் படத்தின் ஜாடை வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவர் அவர். ஊருக்குப் பயந்து ஒளித்த முகம் இவளுக்கும் இல்லாமல் போயிருக்கிறது. அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் கூடத்துக்குப் போய், மேஜைக்கு அடியில் விழுந்த திருகை நிஜமாகவே தேடினார்.

அந்த வாரம் முழுக்கக் கடையில் வேலை ஓடவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். போனை எடுப்பார், வைப்பார். நேரில்தான் சொல்ல வேண்டும் என்று சாக்கு கண்டுபிடித்தார்.

ஞாயிறு காலை ஏரிக்கரையில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். எல்லார் நெஞ்சிலும் அவர் முகம். ஒல்லியான பெண் ஒருத்தியின் மேல் அவர் சுருங்கியிருந்தார், பருத்த வக்கீல் ஒருவரின் வயிற்றில் அகலமாக விரிந்திருந்தார். அவருடைய தொப்பையின் மேலேயே அவர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். மனைவி காரோரமாக, தேநீர்க் குடுவையோடு மகள் பக்கத்தில் நின்றாள்.

ஜெர்சியை வடிவமைத்த பெண்ணும் வந்திருந்தாள். முன்னால் வந்து கேமராவைத் தூக்கி, "எல்லாரும் கையைத் தூக்குங்க! அந்த டயலாக்கைச் சொல்லுங்க!" என்றாள். எல்லார் கையும் மேலே போனது. அவருடையது போகவில்லை.

"மாமா, தூக்குங்க!"

"மாப்ள, ஒரு விஷயம்..."

"அப்புறம் சொல்லுங்க. தூக்குங்க!"

"அது நான்தான்."

"எது?"

அவர் மாப்பிள்ளையின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இது."

மாப்பிள்ளை ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, கூட்டத்தைப் பார்த்து, "கேட்டீங்களா? படத்துல இருக்கறது நான்தான்னு எங்க மாமா சொல்றார்!" என்று கத்தினார். கூட்டமே கொல்லென்று சிரித்தது. "அப்போ இன்னும் ஒரு சுத்து இருக்கு சார்!" என்றார் வக்கீல். கண்ணாடிக்கடைக்காரருக்குக் காது இரண்டும் கொதித்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று நின்றார்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவர் மனைவி. இன்னொருத்தி அந்த வடிவமைப்பாளர். அவள் கேமராவை இறக்கிவிட்டு அவர் அருகில் வந்து, முகத்தை அல்ல, இடது காதைப் பார்த்தாள். மடலின் மேல்நுனியில் சின்ன வெட்டு, சிறுவயதில் வேலிக்கம்பி கிழித்தது. படத்தை வரையும்போது, இது அச்சுப் பிழையா நிஜமா என்று அவள் பல முறை பெரிதாக்கிப் பார்த்திருந்தாள்.

"சார்... நீங்க உயிரோட இல்லைன்னு யாரோ சொன்னாங்க. நான் விசாரிக்கவே இல்ல. விசாரிச்சிருக்கணும்" என்றாள்.

சிரிப்பு ஒவ்வொரு இடமாக அணைந்தது. ஒல்லிப் பெண் கையை மடக்கி நெஞ்சை மறைத்துக்கொண்டாள். வக்கீல் குளிர்கிற மாதிரி மேல்கோட்டை எடுத்து மாட்டிக் கழுத்து வரை ஜிப்பை இழுத்தார். மாப்பிள்ளை அவரைப் பார்த்தார், ஜெர்சியைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். மாமியார் தலையை மட்டும் அசைத்தாள். மாப்பிள்ளை சைக்கிளில் ஏறி, யாரிடமும் சொல்லாமல், வந்த வழியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பக்கமே வரவில்லை. மகள் தனியாக வந்தாள். வந்தவள் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்து, "நானும் சிரிச்சேனேப்பா" என்று அழுதாள். "சிரிக்க வெச்சது நான்தானேம்மா" என்றார். வடிவமைப்பாளர் கடைக்கு வந்து, ஜெர்சி விற்பனையை நிறுத்திவிட்டதாகச் சொல்லிப் போனாள். அவர் லென்ஸைத் தீட்டிக்கொண்டே கேட்டார். அவள் படியிறங்கிப் போனபின்தான், ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையே என்று அவருக்கு உறைத்தது.

மூன்றாவது ஞாயிறும் மாப்பிள்ளை வராதபோது, மனைவி, "மூத்தவங்க நீங்கதான் போகணும்" என்றாள். போனார். மாப்பிள்ளை மாடிப்படிக்கு அடியில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மாமனாரைக் கண்டதும் எழுந்தார், உட்கார்ந்தார், திரும்ப எழுந்தார்.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மாமா நான் உங்க வீட்டுக்கு வர்றது?"

"மூஞ்சியைப் பத்தி எங்கிட்டயா பேசறீங்க மாப்ள? என் மூஞ்சியை நாற்பது பேர் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்க."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பது பாவம் என்பது போல, வந்த சிரிப்பை விழுங்கினார். கண்ணாடிக்கடைக்காரர் அதைக் கவனித்தார். இத்தனை வருஷம் தான் செய்துகொண்டிருந்த அதே காரியம்.

"சிரிங்க மாப்ள. விழுங்காதீங்க" என்றார். பிறகு கீழ்ப்படியில் உட்கார்ந்து, பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சொன்னார், "அன்னிக்கு நான் இறங்கிட்டேன். அது படத்துல இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மாப்பிள்ளை எண்ணெய்க் கையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். மாமனார் சொல்லச் சொல்லக் கேட்டார். நீள வாய்க்காரர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சந்து வரைக்கும் சொல்லி முடித்தபோது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. சொன்னதால் வெட்கம் குறைந்துவிடவில்லை. சொன்ன பிறகும் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. ஆனால் இப்போது படியில் அதற்குப் பக்கத்தில் இன்னொருத்தரும் இருந்தார்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வந்தார், கையில் ஒரு பார்சலோடு. வாசலிலேயே தயங்கி, "இதுல படம் எதுவும் இல்ல மாமா. சத்தியமா" என்றார். வெறும் வெள்ளை ஜெர்சி, குட்டிக் காலர், முதுகில் மூன்று பை. கண்ணாடிக்கடைக்காரர் அதை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். தொப்பை முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார்.

மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "பால்காரர் மாதிரி இருக்கு" என்றாள்.

"கழட்டிடவா?"

"வேண்டாம். வெயில் ஏறறதுக்குள்ள கிளம்புங்க ரெண்டு பேரும்."