பத்து மணிக்கு வருகிற டீச்சர்

...அந்தக் கண்ணாடியை எங்கே வைத்துத் தொலைத்தோம், நேற்றுப் பன்னிரண்டரைக்குக் கழற்றியது, துணி அலமாரியிலா, குளியலறை ஜன்னலிலா, மணி பத்தாகப் போகிறது, டீச்சர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை, எல்லாவற்றுக்கும் தாமதமாகிறவள் அம்மாதான்... இதோ, சோப்புப் பெட்டி மேலேயே இருக்கிறது. கண்ணாடி என்று பெயர்தான், வெறும் சட்டம், புருஷன் போட்டுக் கழித்தது, இரண்டு வில்லையும் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. அதை மாட்டி, தலைமுடியை உச்சிக்கு அள்ளிக் கொண்டை போட்டு, நீல அங்கிக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு, பின்கதவு வழியாக இறங்கி, பக்கத்துச் சந்தில் நடந்து, தன் வீட்டு வாசலுக்கே வந்து நின்று மணியை அழுத்துவாள். பெற்ற பிள்ளைக்குப் பாடம் சொல்ல, பதினொரு மாதமாக இதே கூத்து. சந்தில் ஜன்னலோரம் மிஷின் போட்டிருக்கும் தையல்கார அக்கா தினமும் பார்த்துச் சிரிப்பாள். "உனக்கு நீயே சக்களத்தியாடி?" என்று அவள் ஒருநாள் கேட்டபோது இவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. இன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள், ஏனென்றால் இன்று முடிவு செய்திருந்தாள், இன்றோடு டீச்சரை அனுப்பிவிடுவது என்று.

அனுப்புவதென்றால் எப்படி அனுப்புவது, வகுப்பு முடிந்ததும், டீச்சருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருச்சு கண்ணு, நாளையிலேர்ந்து அம்மாவே சொல்லித் தருவாங்க, என்று சொல்லிவிடலாம், குரல் நடுங்காமல் சொல்லவேண்டும், அவ்வளவுதானே... பிள்ளை அழுதால்? அழட்டும். அழாவிட்டால்? அதையும் யோசித்துப் பார்த்தாள். டீச்சர் போவதற்காக அது அழுதால் தனக்கு வயிறு எரியும், அழாவிட்டால் பதினொரு மாதப் பாட்டும் பாடமும் எதற்கென்று இருக்கும், இரண்டில் எது வேண்டும் உனக்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டு மணியை அழுத்தினாள். உள்ளே தடதடவென்று ஓடிவருகிற சத்தம், கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் அடங்கி, மெதுவாகத் திறந்து, "வணக்கம் டீச்சர்" என்றது. நாலரை வயசு. எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பதால் அப்பா வைத்த பெயர் சில்வண்டு. தலை வாரி, செருப்பை வரிசையாக வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அரைமணிக்கு முன்னால் இதே தலையை வாருவதற்கு வீட்டைச் சுற்றித் துரத்தவேண்டியிருந்ததே, சீப்பைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியில் வீசியது யார்...

குற்றம் சொல்லவும் முடியாது, ஆரம்பித்துவைத்தது அவள்தான். போன வருஷம் மழலையர் பள்ளியில் சேர்த்தபோது மூன்று வாரம் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தித் தொண்டை கட்டி, ஒரு வருஷம் போகட்டுமே என்று அவர்களே பதமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சரி, வீட்டிலேயே சொல்லித் தரலாம் என்று முன்னறையில் பாய் விரித்து, வண்ணத் தாளும் பசையும் முனை மழுங்கிய கத்தரியும் எடுத்து வைத்து, பட்டாணி போட்ட பாட்டிலைக் குலுக்கித் தாளம் போட்டால், நீ அம்மா, அம்மா எப்படிப் பாடம் சொல்லுவ என்று கேட்டுவிட்டு, தாளைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு ஓடிப்போனது. மறுநாள்தான் இந்த அங்கி. அம்மா வெளியே போயிருக்காங்க, நான் டீச்சர், என்றாள் கட்டைக் குரலில். பிள்ளை அண்ணாந்து பார்த்தது, ரொம்ப நேரம் பார்த்தது, பிறகு பாயில் வந்து உட்கார்ந்தது. நம்பியதா? யாருக்குத் தெரியும். ஒருநாள் மணிக்கட்டில் இருக்கும் சுட்ட தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, எங்கம்மாவுக்கும் இதே இடத்துல இருக்கு டீச்சர் என்றது, இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது, அதுவோ பெருந்தன்மையாக, பரவால்ல, நிறையப் பேருக்கு இருக்கும், என்று அடுத்த எண்ணுக்குப் போய்விட்டது. கப்பலில் இஞ்சின் பார்க்கும் அதன் அப்பா போனில் கூப்பிட்டால், முதலில் டீச்சரம்மா பேசுறாங்களா இல்ல எங்க வீட்டம்மாவா என்று விசாரித்துக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிப்பார். எல்லாருக்கும் வேடிக்கை.

பொத்தான்களை நிறம் பிரித்து எண்ணியாயிற்று, சிவப்பு ஏழு, பச்சை நான்கு. இப்போது பாட்டு. அவளே கட்டிய பாட்டு, குடைக்குள்ள ஒரு கால், வெளியே ஒரு கால், நனைஞ்ச காலுக்குத் துண்டு வேணுமா... குச்சியால் தட்டுகிற எட்டுப் பட்டை வாத்தியத்தில் இவள் தட்ட, அது எழுந்து நின்று, கழுத்து நரம்பு தெரிய, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பாடியது, இந்தக் குரலைத்தானே, இந்தக் குரலைத்தானே போன வாரம் குளிப்பாட்டும்போது கேட்டாள், எங்கே அந்தக் குடைப் பாட்டைப் பாடு என்று ஆசையாக, அது முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, "அது டீச்சருக்கு" என்றதே. அம்மாவுக்கு என்ன கிடைக்கிறது? பன்னிரண்டரைக்குப் பின்கதவைத் திறந்து நுழைந்தால், தட்டு சரியில்லை, தண்ணீர் சுடுகிறது, சட்டை குத்துகிறது, தூக்கு, தூக்காதே, தோளில் ஒரு கடி. நல்லதெல்லாம் நீல அங்கிக்கு, மிச்சம்மீதி தனக்கு. பெற்றவள் ஒருத்தி, பவிசு இன்னொருத்திக்கா, அவளும் நானே என்றால் மட்டும் ஆறிவிடுமா...

கடைசிப் பாடம் வீடு. காலி ஷூ டப்பாவைப் பக்கவாட்டில் நிறுத்தி, ஜன்னல் வெட்டி, தாளில் ஆட்களை வரைந்து நறுக்கி நிற்கவைப்பது. நேற்றே திட்டமிட்டதுதான், யார் யார் வீட்டுக்குள் இருப்பார்கள் என்று பார்க்கத்தான், வேறென்ன, இப்படியா ஒரு தாய் ஒட்டுக்கேட்பாள்... சில்வண்டு நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு வெட்டியது. தொப்பி போட்ட அப்பா, டப்பாவுக்கு வெளியே, பாயின் ஓரத்தில், அது கடலாம். இரட்டைச் சடையோடு சில்வண்டே, நடுவீட்டில். பக்கத்தில் நீலமாக ஒன்று, இரண்டு வட்டக் கண்ணாடியோடு, கொண்டை தலையை விடப் பெரிது. பசை மூடியைத் திருகி மூடியது. கத்தரியைக் கைப்பிடி முன்னால் வரும்படி திருப்பி நீட்டியது. அவ்வளவுதானா, முடிந்துவிட்டதா... டீச்சரின் குரலிலேயே கேட்டாள், அம்மாவைக் காணோமே என்று.

"பைக்குள்ள இருக்காங்க" என்றது சில்வண்டு. கவுன் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டியது. எப்போது வெட்டியதோ, சின்னதாக, முடி விரித்துப் போட்ட ஒரு தாள் அம்மா, ஏற்கெனவே கசங்கியிருந்தது.

"ஏன் கண்ணு, வீட்டுக்குள்ள வைக்கலாமே?"

"வீட்டுக்குள்ள வச்சா, நீங்க வந்ததும் அவங்க வெளியே போகணும்ல." சில்வண்டுக்குப் பொறுமையாக விளக்கவேண்டியிருந்தது, இந்த டீச்சருக்குச் சில விஷயம் புரியாது. "பைக்குள்ள இருந்தா போக வேணாம்."

தாள் அம்மாவைத் திரும்பப் பைக்குள் விட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டது. பிறகு கிட்டத்தில் வந்து, யாருக்கோ கேட்டுவிடக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "டீச்சர், நான் இன்னிக்கு அழவே இல்ல. எல்லாம் ஒட்டியும் முடிச்சுட்டேன். அம்மாவைக் கொஞ்சம் சீக்கிரமா விடச் சொல்றீங்களா?"

யாரிடம் சொல்வது, பிடித்துவைத்திருப்பது யார்... கையைக் கட்டிக்கொண்டு நின்றதும், வணக்கம் டீச்சரும், மூடி மூடிய பசையும் இதற்காகவா, ஒவ்வொரு நாளும் நல்ல பிள்ளையாக இருந்து இருந்து அம்மாவை மீட்டுக்கொண்டிருந்ததா, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத அதே அழுகையை இரண்டரை மணி நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்துவிட்டுப் பன்னிரண்டரைக்குத் தோளைக் கடித்ததா. வேறு ஊரில் வேலை என்று யோசித்துவைத்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சொல்றேன், இப்பவே போய்ச் சொல்றேன், என்றாள். வாசல் வழியாக வெளியே வந்தாள், சந்தில் கிட்டத்தட்ட ஓடினாள், தையல்கார அக்கா மிஷினை நிறுத்திவிட்டு என்னடி இன்னும் மணி பன்னிரண்டு கூட ஆகலையே என்று கேட்பதற்குள் தாண்டிப்போய்விட்டாள். பின்கட்டில் நின்று சட்டத்தைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, அங்கியின் பொத்தான்களோடு மல்லுக்கட்டி, ஒன்று தெறித்து எங்கோ விழுந்தது, போகட்டும், தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள்.

கதவுக்கடியில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. கோட்டின் நடுவே இரண்டு இடத்தில் இருட்டு. இரண்டு சின்னக் கால்கள். முணுமுணுப்பு இல்லை, சில்வண்டு வாயை மூடிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறது, தினமும் இப்படித்தான் நின்றிருக்கிறது, இவள்தான் திறந்த வேகத்தில் பிள்ளையை இடிக்காமல் விலகி, கையைக் கழுவினாயா என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போயிருக்கிறாள். தன்னை இப்படி ஒருத்தர் கதவுக்குப் பின்னால் நின்று எதிர்பார்ப்பது... கப்பல்காரருக்காக இவள் நின்றிருக்கிறாள், எத்தனையோ வருஷம், எத்தனையோ கதவுக்குப் பின்னால், இவளுக்காக யார் நின்றார்கள். திற, பிள்ளை நிற்கிறது, திறக்கவேண்டியதுதானே, என்ன தயக்கம்... தயக்கம் இல்லை, இது தயக்கமே இல்லை, இது வேறு, நெஞ்சுக்குள் இதமாக, வெட்கமாக, இன்னும் ஒரே ஒரு நிமிஷம் என்று கெஞ்சுகிற ஏதோ ஒன்று, பிள்ளையைக் காக்கவைத்து அதில் குளிர்காய்கிறாளா ஒரு தாய், இதற்காகத்தானா பதினொரு மாதமாக மணி பன்னிரண்டரைக்கு முன்னால் ஒருநாள்கூட வகுப்பை முடிக்கவில்லை...

உள்ளே கால்கள் இடம் மாற்றி நின்றன. அவள் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது.