மூன்றாவது பெஞ்சு

செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு, வேலையில்லாத எட்டுப் பேர் ஆளுக்கு இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு கழிவுமேட்டில் ஏறுவோம். சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிய கல்லும் மண்ணும் மலையாகி, இப்போது அதன்மேல் மரங்கள் நிற்கின்றன. சுரங்கத்தை மூடி வேலையைப் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு எங்கள் உடம்பின்மேல் திடீரென்று அக்கறை வந்து, இந்த நடைப்பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். முதல் நாள் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

ஹார்ட்மூட் அப்படியில்லை. முப்பது வருடம் பூமிக்குள் வேலை பார்த்தவன், இப்போது வீட்டில் ஒண்டியாள். முகம் மழித்து, ஒன்பதரைக்கே வந்து நிற்பான்.

"இந்த மேட்டுல பாதி நான் வெட்டிப் போட்டது, குட்ரூன். இப்ப அதுமேலயே ஏறச் சொல்றானுங்க."

"என் கேன்டீன் சாப்பாட்டைத் தின்ன தெம்புலதானே வெட்டுன? பேசாம ஏறுய்யா."

ஐந்தாவது வாரம், ஏறும் வழியில் மூன்றாவது பெஞ்சருகே ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்தான். நெஞ்சில் முஷ்டியை அழுத்திக்கொண்டிருந்தான். முகம் வெளுத்துக் கிடந்தது.

"என்னய்யா பண்ணுது? இரு, ஸ்வென்யாவைக் கூப்புடுறேன்."

ஸ்வென்யா எங்கள் பயிற்சியாளர், சின்னப் பெண். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கூப்புடாத. நடக்கலாம்னு டாக்டர் சீட்டு கொண்டுவான்னு சொல்லுவா. அந்த டாக்டர் தரமாட்டான். இந்தக் கூட்டத்துல என் இடத்துக்கு வேற எவனாவது வந்துருவான். அப்புறம் என்னை யாரு தேடப்போறா?"

"நான் தேடுவேன்."

"நீ மேட்டுல இருப்ப." சிரிக்கப் பார்த்தான். "கூட்டாளியக் காட்டிக்குடுப்பியா, குட்ரூன்?"

 சுரங்கத்துக் கேன்டீனில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். ஒருவனுக்கு விரல் உடைந்தால் மற்றவர்கள் அவன் வேலையையும் சேர்த்துச் செய்வார்கள். மேஸ்திரி காதுக்குப் போகாது. போட்டுக்கொடுத்தவன் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுவான். அப்படிப்பட்டவன் தட்டை நானே முகம் பார்க்காமல் நகர்த்தியிருக்கிறேன்.

அதனால் கூட்டாளி செய்வதைச் செய்தேன். முட்டி வலி என்று ஸ்வென்யாவிடம் புளுகினேன். ஒவ்வொரு முறையும் மூன்றாவது பெஞ்சில் நான் நொண்டி உட்காருவேன். எனக்குத் துணை என்று அவனும் உட்காருவான்.

"டாக்டரைப் பாருங்களேன், குட்ரூனம்மா," என்பாள் அந்தப் பெண். ஹார்ட்மூட் எனக்குக் கண்ணடிப்பான். சொன்னால் வெட்கம், எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

ஒன்பதாவது வாரம், வியாழக்கிழமை, உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. என் கூச்சல் கேட்டு ஸ்வென்யா உச்சியிலிருந்து ஓடிவந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் நெஞ்சை விடாமல் அழுத்தினாள். உயிர் திரும்பவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவள் என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலயே. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேனே. அப்பவும் பாருங்க, உங்க முட்டிக்காக ஒவ்வொரு தடவையும் கூட நின்னாரு. எவ்வளவு நல்ல மனுஷன்!"

நான் தலையாட்டினேன். அப்போதும் காட்டிக்கொடுக்கவில்லை.

சொல்லியிருந்தால் ஹார்ட்மூட் என்னை மன்னித்திருக்கவே மாட்டான். தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பான். போயிருக்கட்டுமே, உயிரோடு போயிருப்பான்.