நாலாவது மூலை

ஐஸ் பெட்டியின் மேல் கிடந்த மாலைகளை மெர்சி மறுபடியும் சரிசெய்துகொண்டிருந்தாள். சரிசெய்ய அங்கே ஒன்றும் இல்லை. கண் வாசல் பக்கம் போகாமலிருக்கக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஜீவனஹள்ளியின் இந்தச் சந்துக்குள் கார் நுழையாது. முனையில் இறங்கி, ஜெயவேலுவின் சவப்பெட்டிக் கடையைத் தாண்டித்தான் நடந்து வர வேண்டும்.

அந்தக் கடையில்தான் அவள் அம்மா ரோஸி, தங்கவயலை விட்டு வந்த காலத்திலிருந்து, பெட்டிகளுக்கு உள்ளே வெள்ளைச் சாட்டின் துணி தைத்து, லேஸ் பிடித்து, நான்கு மூலைக்கும் துணிப்பூ வைத்துக்கொண்டிருந்தாள். நேற்று மத்தியானம் ஊசியும் கையுமாக, நெஞ்சு என்னவோ பண்ணுகிறது என்று அங்கேயே உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

ஆபீஸில் கேட்டவர்களுக்கு அம்மா டெய்லர். அது பொய்யில்லை என்று மெர்சி தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பொய் வேறு ஒன்று இருந்தது. யுகாதிக்கு முன்னால் ஆபீஸில் ஒரு போட்டி வைத்தார்கள். வீட்டில் மிச்சம் மீதி கிடக்கிற துணி, நூல், காகிதத்தை வைத்து, விருந்து மேஜையின் நடுவில் வைக்க வசந்தகாலப் பூ அலங்காரம் ஒன்று செய்து வர வேண்டும். மெர்சிக்குப் பொத்தான் தைக்கவே வராது. விஷயத்தை அம்மாவிடம் சொன்னாள். ரோஸிக்குத் தலைகால் புரியவில்லை. மகள் தன்னிடம் ஒன்று கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. கடையிலிருந்து ஒரு பை நிறைய வெட்டுத்துண்டுகளை அள்ளி வந்தாள். சிலவற்றைப் பீட்ரூட் சாற்றில் முக்கினாள், சிலவற்றை மஞ்சள் தண்ணீரில். இதழ் இதழாக வெட்டி மெழுகுவத்திச் சுடரில் ஓரத்தைக் காட்டினால், சாட்டின் தானாகவே சுருண்டுகொண்டது. நூல் நுனியைப் பசையில் தொட்டு, ரவையில் புரட்டி, பூவுக்கு நடுவில் வைத்தாள். பழைய கேக் அட்டையின் மேல் எல்லாம் சேர்ந்து நின்றபோது, அந்தச் சின்ன வீட்டில் அதை வைக்க ஒரு மேஜை இல்லையே என்றிருந்தது மெர்சிக்கு.

“பொட்டித் துணின்னு சொல்லிடாதடி, சாப்புடற எடம்,” என்றாள் ரோஸி. “எங்கம்மா செஞ்சாங்கன்னு மட்டும் சொல்லு. போதும்.”

அதை மட்டும்தான் மெர்சி சொல்லவில்லை. யார் செய்தது என்று கேட்டதும், “நான்தான்” என்று வாய் முந்திக்கொண்டது. கை தட்டினார்கள், பரிசு கொடுத்தார்கள். சாயங்காலம், “சொன்னியா?” என்று அம்மா கேட்டபோது, “சொன்னேம்மா, எல்லாரும் உன்னத்தான் கேட்டாங்க,” என்றாள். அன்றைக்கே ரோஸி அதைச் சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அனுஷா உள்ளே வந்து மெர்சியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சேலத்துக்காரி, ஆபீஸில் பக்கத்து இருக்கை, நல்லவள். அவளுக்குப் பின்னாலேயே ஜெயவேலுவும் ஆட்களும் சவப்பெட்டியைத் தூக்கிவந்து இறக்கினார்கள். ரோஸியை எடுத்து அதில் கிடத்தினார்கள். தலைமாட்டில் இரண்டு மூலையிலும் பூ இருந்தது. கால்மாட்டில் ஒன்றுதான் இருந்தது.

“அவ கடைசியா தெச்சினு இருந்த பொட்டிதாம்மா இது,” என்றார் ஜெயவேலு. கையில் ஒரு பிஸ்கட் டப்பா. “நாலாவது மூலைக்கு இதழ வெட்டி வெச்சிட்டா, கட்டல. மௌரீனுக்குக் கண்ணு செரியா தெரியல. கடைல வாங்குன பூவு ஒண்ணு கீது, பெவிகால் போட்டு ஒட்டிடறேன்.” மௌரீன் அவர் மனைவி. மூக்கைச் சிந்திக்கொண்டு தலையாட்டினாள்.

அனுஷா பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூக்களை அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நிறம்தான் வேறு.

“அங்கிள், எதுக்கு ஒட்டறீங்க? மெர்சி செய்வா,” என்றாள். “இதே மாதிரி செஞ்சு ஆபீஸ்ல பிரைஸ் வாங்கினா. அம்மாவுக்கு அவ கையால செஞ்சா நல்லாருக்கும்.”

ஜெயவேலு மெர்சியைப் பார்த்தார். பையில் துணி அள்ளிப் போக விட்டவரே அவர்தான்; அதைச் செய்தது யார் என்று அவருக்குத் தெரியும். டப்பாவை மூடப் போனார்.

“நம்ம பொண்ணு இன்னிக்கு எப்படிம்மா செய்யும்,” என்றார் அனுஷாவிடம். “வுடு. நானே ஒட்டறேன்.”

அவர் காட்டிய வழியில் தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம். அம்மாவின் காலடியில் நின்றுகொண்டு, அம்மாவுக்காக அழுதுகொண்டு, அந்தப் பொய்யைப் பத்திரமாக வைத்துக்கொண்டுவிடலாம். மெர்சி டப்பாவுக்குக் கை நீட்டினாள்.

“குடுங்க மாமா,” என்றாள்.

நூல் ஊசிக் காதில் நுழைய மறுத்தது. எச்சில் தொட்டுப் பார்த்தாள், திரித்துப் பார்த்தாள். கடைசியில் ஜெயவேலுதான் கோத்துக் கொடுத்தார். அம்மாவின் தலைமாட்டில் எரிந்த மெழுகுவத்தியில் முதல் இதழைக் காட்டினாள். அது சுருளவில்லை, கருகியது. அடுத்ததும் கருகியது. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துக் குத்தினாள். ஊசி விரலில் இறங்கியது. அனுஷாவின் பார்வை அந்த விரல்களில் இருந்து தலைமாட்டுப் பூக்களுக்குப் போய், ரோஸியின் முகத்துக்குப் போய், அங்கேயே நின்றது.

“எனக்கு வராது, அனுஷா,” என்றாள் மெர்சி, நிமிராமல்.

அனுஷா டப்பாவிலிருந்து அடுத்த இதழை எடுத்து நீட்டினாள்.

பூவை மூலையில் தைத்து முடித்தபோது அது ஒரு பக்கமாகத் தொங்கியது. ஓரமெல்லாம் கருப்பு. நிமிர்த்திவிட ஜெயவேலு குனிந்து கை நீட்டினார்.

“இருக்கட்டும் மாமா,” என்றாள் மெர்சி.

அவர் கையை எடுத்துக்கொண்டார். வெளியே வண்டி வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். மூடியைத் தூக்க ஆள் கூப்பிட்டார்கள்.