எண்ணெய் போட்ட கதவுகள்

என் தம்பி வீட்டுக் கதவுகளெல்லாம் ஊமையாகிப் போனதற்கு நான்தான் காரணம். நான் அங்கே போய்ச் சேர்ந்த வாரமே அவன் தன் கருவிப் பையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன், கேட்கவா வேண்டும். ஒவ்வொரு கீலிலும் எண்ணெய் விட்டான். நாற்காலிக் கால்களுக்குத் துணி ஒட்டினான். அழைப்பு மணியைக் கழற்றி அலமாரியில் வைத்தான். எல்லாம் எனக்காக. இன்று நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அன்றைக்கு எரிச்சலாக வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் பல் செய்கிறவள். பல் டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், நாங்கள் எங்கள் லேபில் பல்லுக்கு மேல் மாட்டும் கேப் செய்து கொடுப்போம். பீங்கான் தூளைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய பிரஷ்ஷால் அடுக்கடுக்காக வைத்து, உலையில் சுட்டு எடுக்கவேண்டும். வெள்ளை என்பது ஒரே நிறம் என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். காபி குடிக்கிறவர் பல்லின் வெள்ளை வேறு, வயதானவர் பல்லின் வெள்ளை வேறு. அந்த வேலை எனக்கு உயிர். சுற்றியிருந்த மற்றதெல்லாம்தான் உயிரை எடுத்தது. ஒரு பக்கம் ரேடியோ, இன்னொரு பக்கம் பேச்சு, பாதி வேலையில் "அதை வெச்சிட்டு இதைப் பாரு" என்று தோளில் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளுக்குள் கூரையே இடிந்து விழும். வெளியே சிரிப்பேன். "பரவாயில்லை" என்பேன். என்னைப்போல் அந்த வார்த்தையைச் செலவழித்தவர் யாரும் இருக்க முடியாது.

ஒருநாள் பிரஷ்ஷைக் கையில் பிடித்திருக்கிறேன், அதை வைத்து என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை. எழுந்து தெருவுக்கு வந்து, அங்கே நின்ற டாக்ஸியில் ஏறினேன். டாக்ஸிக்காரர் எங்கே போகவேண்டும் என்று கேட்டார். வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. போனில் தம்பியின் எண்ணை எடுத்து அவரிடம் நீட்டினேன். நல்ல மனிதர், அவரே பேசி அவரே கொண்டுவந்து விட்டார்.

அதற்குப் பிறகு போன மருத்துவர்தான் எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்றார். பிறந்ததிலிருந்தே இருக்கிறதாம். நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்குத்தான் கடைசியாகத் தகவல் வந்து சேர்ந்திருக்கிறது. காலமெல்லாம் மற்றவர்களைப்போல நடந்துகொள்ளப் பாடுபட்டதில் உடம்பும் மனசும் ஓய்ந்துவிட்டன, இதற்கு பர்ன் அவுட் என்று பேர், நல்ல ஓய்வு வேண்டும், சத்தம் குறைவாக இருக்கட்டும் என்றார். தம்பி அந்தக் கடைசி வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அவன் மனைவி அவனையும் மிஞ்சினாள். அவள் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பேசிப் பழகிய தொண்டை. அவள் ரகசியம் சொன்னால் மாடிவரைக்கும் கேட்கும். அப்படிப்பட்டவள் எனக்காகக் கிசுகிசுக்க ஆரம்பித்தாள். விசில் வரும் என்று குக்கரை ஒளித்துவைத்துவிட்டுத் திறந்த பானையில் சமைத்தாள். வெறுங்காலோடு நுனிவிரலில் நடந்தாள். பக்கத்து அறையிலிருந்து தம்பி போனில் செய்தி அனுப்புவான்: சாப்பாடு ரெடி.

ஒரு விஷயத்தை அவர்கள் அறியவில்லை, நானும் சொல்லவில்லை. எதிர்பார்த்திருக்கும்போது வரும் சத்தம் என்னை ஒன்றும் செய்யாது. கதவு கிறீச்சிட்டால் யாரோ வருகிறார்கள் என்று தெரியும், நான் தயாராகிவிடுவேன். இப்போது எந்த அறிவிப்பும் இல்லாமல் தோளுக்குப் பக்கத்தில் திடீரென்று ஒரு முகம் முளைத்து "காபி" என்று காற்றாகச் சொல்லும். எனக்குத் தூக்கிவாரிப்போடும். நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு யார் எங்கே இருக்கிறார்கள் என்று வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். லேபில் இருந்ததைவிட அதிகமாகக் களைத்தேன். இதை எப்படிச் சொல்வது? இருக்க இடம் கொடுத்து, வேளைக்குச் சோறு போட்டு, தங்கள் வீட்டையே பஞ்சில் பொதிந்து வைத்திருக்கிறவர்களிடம் இது பிடிக்கவில்லை என்றால் அது நன்றிகெட்டதனம் இல்லையா? "பரவாயில்லை" என்றேன். சிரித்தேன்.

இதற்கு நடுவில் லேப் முதலாளியம்மா போன் செய்தார். தம்பிதான் பேசினான், மருத்துவர் சொன்னதையும் அவரிடம் சொன்னான். வரும் திங்கட்கிழமை நான் வந்தால் சந்தோஷம், இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும், வேலை குவிந்து கிடக்கிறது என்றாராம். கோபமாகச் சொல்லவில்லை. இத்தனை நாள் என் இடத்தைக் காலியாக வைத்திருந்ததே பெரிது. திங்கட்கிழமை வந்துவிடும், நான் தேறமாட்டேன், பல் செய்கிறவளாக இல்லாவிட்டால் பிறகு நான் யார் என்றே எனக்குத் தெரியாது.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. தோளருகே "அக்கா" என்றதும் என் கை தானாக வீசியது. சொம்பு பறந்தது. அவளும் நனைந்தாள், நானும் நனைந்தேன். நான் மேஜைக்குக் கீழே போய் உட்கார்ந்து காதுகளைப் பொத்திக்கொண்டேன். அவளும் ஈரத்தோடு தரையில் உட்கார்ந்து "மன்னிச்சுக்கோங்கக்கா, மன்னிச்சுக்கோங்கக்கா" என்று கிசுகிசுத்தாள். அந்தக் கிசுகிசுப்பு என் பொறுமையின் கடைசி இழையையும் அறுத்தது.

"கத்து," என்றேன்.

"என்னதுக்கா?"

"நீ கத்து. எப்பவும் போலப் பேசு. நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியணும். இப்படிப் பூனை மாதிரி வந்தா எனக்கு உசுரு போகுது."

அவள் மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டு, "சத்தியமா சொல்றேன்க்கா, எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு. குளிக்கும்போதுதான் குழாயைத் திறந்துவிட்டு நல்லா ஒரு தடவை கத்திட்டு வருவேன்," என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. அடுத்த நிமிஷம் தலையைத் திருப்பி, உள்ளறையில் இருந்த தம்பியிடம், தெருவே கேட்கும்படி, "ஏங்க, பரண்ல இருக்கிற அந்தக் குக்கரை எடுங்க," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தானாக வந்த சிரிப்பு. எப்போது கடைசியாக அப்படிச் சிரித்தேன் என்று ஞாபகமில்லை.

தம்பிக்குத்தான் முகம் தொங்கிப் போயிற்று. "அத்தனை கீலுக்கும் எண்ணெய் போட்டேனேக்கா. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க நல்லது பண்ணிட்டிருந்தீங்க. எப்படிடா சொல்றது?"

"தப்பா நல்லது பண்ணிட்டிருந்தோம். அதைச் சொல்லலாம்ல?"

அவன் சண்டைக்குத்தான் அப்படிக் கேட்டான். எனக்கு அது ஒரு அனுமதி மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அவர்கள் கூடத்திலேயே "வர்றேன்க்கா" என்று குரல் கொடுத்துவிட்டு வந்தார்கள். குக்கர் விசில் அடித்தது, நான் தூங்கினேன். பகலிலும் தூங்கினேன்.

திங்கட்கிழமை லேபுக்குப் போனேன். முதலாளியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "வாம்மா. உனக்குன்னு தனி ரூமே ரெடி பண்ணியிருக்கேன்," என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். பிளாஸ்டர் மூட்டை வைத்திருந்த அறை. காலி செய்து, வெள்ளையடித்து, புது விளக்கு மாட்டியிருந்தார். ஜன்னல் இல்லை. அந்த விளக்கில் எல்லாப் பல்லும் நீலமாகத்தான் தெரியும். இவரும் எண்ணெய் போட்டிருக்கிறார் என்று புரிந்தது. "பரவாயில்லை" தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ரொம்ப நன்றி மேடம். ஆனா இந்த ரூம் வேண்டாம். ஜன்னல் பக்கம் என் பழைய மேஜையே போதும், நிறம் பாக்க வெளிச்சம் வேணும். பாலிஷ் போடுற மோட்டார் சத்தம் ஒண்ணும் பண்ணாது. பின்னால வந்து தோளைத் தொடாதீங்க, முன்னால வந்து கூப்பிடுங்க. ஒரு வேலை முடியாம இன்னொண்ணு கொடுக்காதீங்க. ரேடியோ வேண்டாம். இப்போதைக்கு என்னால அரை நாள்தான் முடியும்."

சொல்லி முடித்ததும் வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதலாளியம்மா வெள்ளையடித்த சுவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ரேடியோ எனக்கும் ஆகாது. அது பாலிஷ்காரரோடது," என்றார்.

பாலிஷ்காரர் எங்கள் லேபில் கேப்களுக்கு மெருகேற்றுகிறவர். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் பதறிப்போனார். "எனக்கெதுக்குங்க ரேடியோ? மோட்டார் சத்தத்துல எனக்கு எங்க கேக்குது? நீங்கதான் வேலை செய்யும்போது தாளத்துக்கு ஆடிட்டே இருப்பீங்களே. உங்களுக்குப் பிடிக்கும்னு தினமும் நான்தான் போட்டு வெப்பேன்."

நான் முன்னும் பின்னும் ஆடுவது என்னை நானே சமாளித்துக்கொள்ள. பெரும்பாலும் அந்த ரேடியோவைப் பொறுத்துக்கொள்ளத்தான். அவர் என் ஆட்டத்தைப் பார்த்துச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். இத்தனை காலமும் என்னை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார், என்னைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள நினைத்திருக்கிறார், நான் அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இனிமே போடாதீங்க அண்ணே," என்றேன். "சரிம்மா," என்றார்.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒரு கடைவாய்ப்பல் வந்தது. அதை மட்டும் செய்தேன். மத்தியானம் நெருங்கியபோது விரல் நுனியில் அந்தப் பழைய களைப்பு தெரிந்தது. முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சாயங்காலம்வரை இழுத்திருப்பேன். எழுந்துபோய் முதலாளியம்மாவின் முன்னால் நின்றேன்.

"மேடம், இன்னிக்கு இவ்வளவுதான் என்னால முடியும்."

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் நான் வாழ்நாளெல்லாம் ஓடியிருக்கிறேன். இதைச் சொன்னால் உலகம் என்னைக் கழற்றிப் போட்டுவிடும் என்று நம்பியிருந்தேன். அவர் உலையின் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சரிம்மா, போயிட்டு வா. நாளைக்கு முன்பல் ஒண்ணு வருது, உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்."

அவ்வளவுதான். தெருவுக்கு வந்து, சுவரோரம் நின்று, வெயிலில் நன்றாக அழுதேன். அதே டாக்ஸி நிற்கும் இடம்தான். ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, எங்கே போகணும் என்று கேட்டார். நான் வாயைத் திறந்து சொன்னேன்.